வட்டவாளின் வரலாறும் அதனை ஆளும் முறையும்

சென்ற ஆவணித் திங்களில் எம் பழைய மாணவர் ஒருவரை அவரது இல்லத்திற் சென்று கண்டோம். அவர் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மைந்தர், இருபத்திரண்டு வயதினர், மரவேலையிற் கைதேர்ந்தவர். அவரது இடக்கையில் இரண்டு விரல்கள் இப்போது இல்லை. தாம் வேலை பார்த்த பட்டறையில், மேசையில் அமைந்த வட்டவாளிலே தேக்குப் பலகை ஒன்றை நெடுக்காக அறுக்குங்கால், பலகை சட்டெனப் பின்னோக்கி எறியப்பட, அதனைப் பற்றியிருந்த கை வாளின்மேல் இழுக்கப்பட்டது என்றார். “வாள் எந்நிலையில் இருந்தது, தம்பி?” என வினவினோம். “மழுங்கித்தான் இருந்தது, ஐயா. வேலை மிகுதி, கூர் வைக்க நேரமில்லை. அழுத்தித் தள்ளினேன்” என்றார். வாளின் பின்புறத்தே நிற்கவேண்டிய சிறிய இரும்புத் தகடு ஒன்று, வேலைக்கு இடைஞ்சல் என்று பல மாதங்களுக்கு முன்னரே கழற்றி வைக்கப்பட்டிருந்ததாம். அது யாது பயன் கருதி அங்கே அமைக்கப்பட்டது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியதில்லை.

அவர் தந்தையார் அருகிருந்தார். அவர்க்குப் பின்னே சுவரில் பழைய ஈர்வாள் ஒன்று தொங்கியது. அஃது அவ்விளைஞரின் பாட்டனார் கையாண்டது. அதனைச் சுட்டிக்காட்டி, “அரம் போட்டுப் பல் பாராமல் என் தகப்பனார் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. எனக்கும் அப்படியே சொல்லிவைத்தார். இந்த மிஷின் வாளைப்பற்றி என் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்? எனக்கே ஒருவரும் சொல்லவில்லையே!” என்று கூறி வருந்தினார்.

அச்சொல் எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கைவாளைப்பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக வீட்டிற்குள்ளேயே வழங்கி வந்தது. வட்டவாளோ கடையிலிருந்து வந்தது. அதன் அறிவு அதனோடு வரவில்லை. அவ்வறிவு உலகில் இல்லாததன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பிறநாட்டுத் தொழிலாளர் தம் உழைப்பாலும், வறுமையாலும், சிலபோது தம் உறுப்புக்களாலும் விலைகொடுத்துத் தேடியது அது. யாம் தமிழாசிரியர், வாள் பிடித்துப் பழகியவரல்லேம், எனினும் எம் முன்னோர் பிடித்தவர். ஆதலின் வட்டவாள் எவ்வாறு தோன்றி, எவர் கையில் வளர்ந்து, எக்காரணத்தால் இன்றைய வடிவினை எய்தியது என்பதனையும், அவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க முறைகளையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஈர்வாளும் அதன் குறையும்

‘ஈர்தல்’ என்னுஞ் சொல்லுக்கு இழுத்தல், அறுத்தல் என இரு பொருளும் உண்டு. இழுத்து அறுக்குங் கருவிக்கு ஈர்வாள் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது காண்க. சங்கினை அரத்தால் அறுத்து வளை செய்த செய்தி சங்க நூல்களிலும் வருதலின், பல்லுடைய கருவியால் அறுக்குந் தொழில் நம் நாட்டிற்கு மிகப் பழையதாம்.

பெருமரத்தைப் பலகையாக்குதற்கு இருவர் வேண்டும். மரத்தைப் பள்ளத்தின்மேற் கிடத்தி, ஒருவர் மேலும் மற்றொருவர் பள்ளத்தினுள்ளும் நின்று நெடுவாளை மேலுங் கீழுமாக இழுப்பர். இங்கிலாந்திலும் இம்முறையே இருந்தது. மேல் நிற்பவர் கோடு தவறாமல் வாளைச் செலுத்துவார். கீழ் நிற்பவர் மரத்தூள் கண்ணிலும் வாயிலும் விழ விழ இழுப்பார். அந்நெடுவாள் கீழிறங்கும்போது மட்டுமே அறுக்கும். மேலேறும்போது வெறிதே மீளும். ஆகவே அசைவிற் பாதி பயனின்றிக் கழிந்தது.

1593ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துக் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸூன் என்பார், காற்றாலையின் சுழற்சியை வாளின் மேல்கீழ் அசைவாக மாற்றும் அறுப்பாலை ஒன்றற்குத் தனியுரிமை பெற்றார். இதனால் மனிதர் கை ஓய்ந்ததேயன்றி வாளின் வீண் அசைவு ஒழியவில்லை. சுழலும் ஆற்றலை மேல்கீழ் அசைவாக மாற்றி, அதிற் பாதியை இழக்கும் நிலையே இருந்தது.

ஹாலந்தில் நிலைபெற்ற இவ்வாலை இங்கிலாந்தில் எளிதிற் காலூன்றவில்லை. சார்லஸ் டிங்க்லி என்னும் வணிகர் இலண்டனில் லைம்ஹவுஸ் என்னுமிடத்தில் காற்றால் இயங்கும் அறுப்பாலை ஒன்றை நிறுவினார். 1768ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், ஏறக்குறைய 500 ஈர்வாட்காரர் திரண்டு சென்று அதனைத் தாக்கிச் சிதைத்தனர். மறு ஆண்டே, ஆலைகளை அழிப்பாரைக் கடுந்தண்டத்திற்கு உள்ளாக்கும் சட்டம் ஒன்று பார்லிமெண்டில் இயற்றப்பட்டது. பிறர் உடைமையை அழித்தது அவர் செய்த பிழையே. ஆயினும் அவர் அஞ்சிய அச்சம் பொய்யன்று என்பதனைப் பின்னர்க் காண்பாம்.

கப்பல் கப்பியும் வட்டவாளும்

வட்டமான இரும்புத் தகட்டின் விளிம்பிற் பல் வெட்டி அதனைச் சுழலவிட்டால், அசைவு முழுதும் அறுப்பாகும். இவ்வெண்ணம் முதன்முதல் யார் உள்ளத்தில் உதித்தது என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. இதுபற்றிய பழைய எழுத்துச் சான்று, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஸதாம்ப்டன் நகரத்து ஸாமுவெல் மில்லர் என்பார் 1777ஆம் ஆண்டிற் பெற்ற தனியுரிமைப் பத்திரமாம். காற்றாலையால் இயங்கும் அறுப்பு யந்திரம் ஒன்றற்காக எழுதப்பட்ட அப்பத்திரத்தில், வாள் வட்டவடிவினது என்பது வேறு செய்திகளுக்கிடையே போகிறபோக்கிற் குறிக்கப்பட்டுள்ளது. தாமே புதிதாகக் கண்டதொன்றை எவரும் அவ்வாறு எளிதாகச் சொல்லிச் செல்லார். ஆதலின் அதற்கு முன்னரே வட்டவாள் சிறிய அளவிலேனும் வழக்கிலிருந்தது என்று ஊகித்தல் பொருந்தும்.

அவ்வூரிலேயே வால்டர் டெய்லர் என்னும் தொழிலறிஞர் ஆங்கிலக் கடற்படைக்குக் கப்பிகள் செய்து கொடுத்து வந்தார். பாயை ஏற்றவும் இறக்கவும் வேண்டிய கயிறுகள் அனைத்தும் மரக்கப்பிகளின் வழியே ஓடின. 74 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றற்கு ஏறக்குறைய 1,000 கப்பிகள் வேண்டும். கையாற் செய்த கப்பியின் உருளை கோணலாயிருப்பின், புயலிலோ போரிலோ கயிறு சிக்கிக்கொள்ளும். கப்பலுக்கே கேடு நேரும். எல்லாக் கப்பியும் ஒரே அளவாக இருத்தல்வேண்டும் என்னும் இத்தேவையே வட்டவாளை வளர்த்த செவிலித்தாய் எனலாம். டெய்லர் 1781இல் இட்சின் ஆற்றங்கரையிலுள்ள உட்மில் என்னுமிடத்திற்குத் தம் தொழிலை மாற்றி, நீர்விசையால் வட்டவாளைச் சுழற்றி அறுத்தார்.

பின்னர், ஸாமுவெல் பெந்தம் என்பார் 1793இற் பெற்ற மரவேலை யந்திரத் தனியுரிமையில், பெரிய வட்டவாளைப் பல துண்டுகளாகச் செய்து பொருத்தும் முறையையும் குறித்தார். அவர் மேற்பார்வையிலிருந்த போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில், மார்க் இஸம்பார்ட் புருனெல் வகுத்த யந்திரங்களை ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்தார். 1802 முதல் 1806 வரை அமைக்கப்பெற்ற அவ்யந்திரங்கள் 45. வாளால் எல்ம் மரத்தைத் துண்டு செய்வது முதற் படியாக, துளையிடுதல், குடைதல், வடிவமைத்தல் என ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு யந்திரம் இருந்தது. 1808இல் ஆண்டொன்றுக்கு 1,30,000 கப்பிகள் அங்கே செய்யப்பட்டன. கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தனர் என்பது அக்காலத்துக் கணக்கு. அன்பர்கள் இக்கணக்கை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தல்வேண்டும். நாட்டுக்கு ஆதாயமான அதுவே நூறு குடும்பங்களுக்கு வேறொன்றாக இருந்தது.

புருனெல் பின்னர் இலண்டனையடுத்த பாட்டர்ஸியில் அறுப்பாலை நிறுவி, விலையுயர்ந்த மரத்தைக் காகிதம்போல் மெல்லிய ஏடுகளாகச் சீவுதற்கு ஏறக்குறைய 18 அடி விட்டமுள்ள வட்டவாட்களை இயக்கினார். அத்துணைப் பெரிய எஃகுத் தகட்டை ஒரே துண்டாகச் செய்ய அன்று இயலாது. எனவே சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சிறுசிறு வாட்டுண்டுகளைப் பொருத்தினர். அவ்வாலை 1814இல் தீக்கிரையாயிற்று. கடன் மேலிட்டு, 1821இல் புருனெல் கடனாளிகள் சிறையில் அடைபட்டார். பிறருடைய கைகளை ஓயச் செய்தவரும் தம் வாழ்நாளில் ஓய்ந்திருக்கப் பெறவில்லை.

ஓர் அம்மையாரின் கதை

வட்டவாளைக் கண்டவர் ஒரு பெண்மணி என்று கூறும் வழக்கும் உண்டு. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஹார்வர்ட் என்னும் சிற்றூரில், ஷேக்கர் எனப்படும் சமயக் கூட்டத்தார் பொதுவுடைமையாக வாழ்ந்து வந்தனர். அவருள் ஒருவராகிய தபித்தா பாபிட் என்னும் அம்மையார், ஆடவர் இருவர் நெடுவாள் இழுப்பதை நூல் நூற்றுக்கொண்டே பார்த்து, பாதி அசைவு வீணாவதை உணர்ந்தாராம். விளிம்பில் வெட்டுக்கள் உடைய தகட்டைத் தம் நூற்புச் சக்கரத்திற் பொருத்திச் சுழற்றி மரத்தை அறுத்துக் காட்டினாராம். இது 1813ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பர். அக்கூட்டத்தார் தனியுரிமை பெறுதலைத் தவறாகக் கருதியதால் பத்திரம் ஒன்றும் இல்லை.

இக்கதையை நாம் எவ்வாறு கொள்வது? அம்மையார் பிறந்தது 1779இல். மில்லரின் பத்திரமோ அதற்கு ஈராண்டு முந்தையது. ஆகலின் உலகில் வட்டவாளை முதற்கண் கண்டவர் அவர் என்றல் பொருந்தாது. ஆயினும் கடல் கடந்த நாட்டுப் பத்திரத்தை அறியாத ஒருவர், தாமே மறுபடியும் அதனைக் கண்டிருத்தல் கூடும். ஒரே தேவை இருவேறிடத்தில் ஒரே கருவியைப் பிறப்பிப்பது தொழில் வரலாற்றிற் புதிதன்று. வாள் இழுப்போர் கைவருந்தப் பாதி அசைவு வீணாதலை எவரும் காணலாம். கண்டதை எண்ணிப் பார்ப்பவரே சிலர்.

இனி, ஈர்வாட்காரர் அச்சம் மெய்யான வகையைக் கூறுவாம். நீராவி விசை பெருகவே வட்டவாள் ஆலைகள் நகரந்தோறும் எழுந்தன. 1850இல் ஹென்றி மேஹ்யூ என்னும் எழுத்தாளர் இலண்டன் தொழிலாளரை நேரிற் கண்டு விசாரித்து எழுதியபோது, ஈர்வாட்காரரின் தொழில் ஆலைகளால் நலிந்திருந்தமையை அவர் வாய்மொழியாலேயே பதிந்தார். ஆயின், அதே ஆலைகளில் வேறொரு தொழிலாளர் இன்றியமையாதவராயினர். அவர் யார் என்பதனை அறியவேண்டுமாயின் வட்டவாளின் உடலமைப்பைச் சிறிது அறிதல்வேண்டும்.

வாள் வைத்தியர்

நெடுவாளுக்கு இருபுறமும் பிடி உண்டு. இழுக்கும்போது அது விறைத்து நிற்கும். வட்டவாளுக்கோ நடுவில் அச்சு மட்டுமே பிடி. விரைந்து சுழலுங்கால் விளிம்பு வெளிநோக்கி இழுபட்டு விரிகின்றது. உராய்வினால் விளிம்பு சூடேறி மேலும் நீளுகின்றது. நடுப்பகுதி அங்ஙனம் விரியாமையால், விளிம்பு இடங்கொள்ளாது அலைபோல் நெளியத் தொடங்கும். நெளிந்த வாள் கோடு தவறும், மரத்தைச் சுடும், இறுதியில் வெடிக்கவுங் கூடும்.

இதற்குப் பரிகாரம் யாதெனின், வாளைப் பட்டடையில் இட்டு, அதன் நடுப்பகுதியைச் சுத்தியால் அளவறிந்து தட்டிச் சிறிது விரியச் செய்தல். நிற்கும்போது நடு சற்றுத் தளர்ந்திருக்கும். சுழலும்போது விளிம்பு விரிய, தகடு முழுதும் சமனாக விறைக்கும். எத்துணை விரைவிற் சுழல்வதோ அத்துணைக்கு ஏற்ற அளவு தட்டல்வேண்டும். இதனை நேர்கோல் ஒன்றை வைத்துக் கண்ணாலும், தட்டும் ஓசையைக் கேட்டுக் காதாலும் அறிந்து செய்வோரை ஆங்கிலர் ‘வாள் வைத்தியர்’ என்றே அழைத்தனர். யந்திரம் தோளின் வலிமையை வேண்டாததாக்கிற்று. கண்ணுங் கையுங் கருத்தும் ஒன்றிய நுண்ணறிவை வேண்டாததாக்க அதனால் இயலவில்லை. அவ்வறிவு வாள் இழுப்பவரிடமிருந்து வாளைப் பேணுபவரிடம் சென்று சேர்ந்தது. வட்டவாள் வரலாற்றில் யாம் கண்ட முதன்மையான உண்மை இதுவேயாம்.

பல்லின் வளர்ச்சி

அமெரிக்கக் காடுகளில் வட்டவாள் மிகப் பரவியது. இங்கிலாந்தினின்று 1833இற் குடியேறிய ஹென்றி டிஸ்டன் என்பார் 1840இல் பிலடெல்பியா நகரில் வாள் செய்யுந் தொழிலைத் தொடங்கி, 1855 முதல் தாமே எஃகும் உருக்கலானார். ஆலைகளின் பெருவாட்களில் ஒரு பல் கல்லிலோ ஆணியிலோ பட்டு முறிந்தால் வாள் முழுதும் பயனற்றதாகும் நிலை இருந்தது. கலிபோர்னியாவில் நேதன் ஸ்பால்டிங் என்பார், வளைந்த குழிகளில் தனிப்பற்களைச் செருகும் முறைக்கு 1861இல் தனியுரிமை பெற்றார். முறிந்த பல்லை மட்டும் எடுத்து வேறு பல் வைத்தல் அதனால் எளிதாயிற்று. குழியை வளைவாக அமைத்தமையே இதன் நுட்பம். மூலை கூர்மையாக இருப்பின் அவ்விடத்திற்றான் எஃகு வெடிக்கத் தொடங்கும்; வளைந்த மூலை அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

இருபதாம் நூற்றாண்டிற் பல்லின் பொருளே மாறிற்று. ஜெர்மனியில் ஓஸ்ராம் என்னும் மின்விளக்குக் கம்பெனியைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்துச் சூடேற்றி, எஃகினும் மிகக் கடியதொரு பொருளைச் செய்தார். விளக்கிழை இழுக்கும் அச்சுக்காகத் தேடப்பட்ட அப்பொருளை, குருப் கம்பெனியார் ‘விடியா’ என்னும் பெயரால் விற்றனர். ‘வைரம் போன்றது’ என்பது அச்சொல்லின் கருத்து. இன்று கடைகளில் விற்கும் வாட்களின் பல்முனையில் ஒட்டப்பட்டுள்ள சாம்பல்நிறத் துண்டு இக்கார்பைடே. எஃகுப் பல்லினும் பன்மடங்கு காலம் இது கூர் நிற்கும். ஆயின் கடினமாதல்போலவே எளிதிற் சிதறும் இயல்பும் உடையது.

அதே காலத்தில் வாள் ஆலையைவிட்டுக் கைக்கு வந்தது. எட்மண்ட் மிஷல் என்பார் சிறு மின்மோட்டாரால் இயங்குங் கைவட்டவாளைச் செய்து, 1924இல் ஜோஸப் ஸல்லிவன் என்பாருடன் கூடி அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார். இதனால் ஒவ்வொரு தச்சரும் தமக்கென ஓர் அறுப்பாலை உடையவரானார். ஆனால் ஆலையிலிருந்த வாள் வைத்தியர் அவருடன் வரவில்லை.

பின்னிற்குந் தகடு

எம் மாணவர் பட்டறையிற் கழற்றப்பட்ட தகட்டின் செய்தியை இனிக் கூறுவாம். வட்டவாளின் முன்விளிம்பு கீழ்நோக்கி வந்து மரத்தை மேசையோடு அழுத்தும். பின்விளிம்போ மேல்நோக்கி எழும். அறுபட்ட மரத்தின் இருபகுதியும் உள்ளிறுக்கம் நீங்கியவுடன் சிலபோது ஒன்றையொன்று நெருங்கி, எழும் பின்பற்களைக் கவ்விக்கொள்ளும். அந்நொடியே வாள் பலகையைத் தூக்கித் தள்ளுவோர்மேல் எறியும். 10 அங்குல வாள் நிமிடத்திற்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றது என்று கணக்கிட்டறியலாம். அவ்வேகத்திற்கு முன் மனிதக் கை பின்வாங்குதல் ஆகாது.

வாளின் பின்னே, அதே நேர்கோட்டில், அறுப்பு வழியினுள் நுழைந்து நிற்கும் தகடு மரத்தின் இருபகுதியும் நெருங்காமற் காக்கும். இதனைப் பிளவுக்கத்தி எனலாம். இதன் இன்றியமையாமையை உணர்ந்தே இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டு மரவேலை யந்திர விதிகள் வட்டவாளுக்கு இதனைக் கட்டாயமாக்கின. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் யந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு அமைக்க விதித்தது. 1999இல் ஸ்டீவன் காஸ் என்னும் அமெரிக்கர், சதை வாளைத் தீண்டிய அளவிலேயே அதனை மின்குறியால் உணர்ந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கிற்குள் வாளை நிறுத்தும் அமைப்பைக் கண்டார். விலையால் அஃது எல்லார்க்கும் எட்டுவதன்று. பிளவுக்கத்தியோ மேசைவாளுடனேயே வருகின்றது, கழற்றாதிருப்பதற்குச் செலவில்லை.

தேர்தல்

மேற்கூறிய வரலாற்றை உளங்கொண்டால் வாளைத் தேரும் முறை தானே விளங்கும். மரம் நார்களாலாயது. நாரின் வழியே அறுப்பது நெடுக்கறுப்பு. நாரைத் துண்டித்து அறுப்பது குறுக்கறுப்பு. நெடுக்கறுப்புக்கு உளிபோன்ற தட்டைமுனைப் பல் வேண்டும். பல் முன்னோக்கி நன்கு சாய்ந்திருத்தல்வேண்டும். பற்கள் குறைந்து, இடையிலுள்ள குழிகள் ஆழமாயிருத்தல்வேண்டும். என்னை? நெடுக்காக அறுக்குங்கால் நீண்ட சுருள்கள் மிகுதியாக எழும்; அவை தங்கி வெளியேறக் குழி வேண்டும். 10 அங்குல வாளில் 24 முதல் 30 பல் இதற்கு ஏற்றன.

குறுக்கறுப்புக்குக் கத்திபோன்று, ஒரு பல் இடப்புறமும் அடுத்த பல் வலப்புறமும் சாய்வாகத் தீட்டப்பெற்ற முனை வேண்டும். முதலில் இருபுறமும் நாரை வெட்டிவிட்டுப் பின்னர் நடுவைப் பெயர்க்கும் முறை இது. இதற்கு 60 முதல் 80 பல் தக்கன. ஒரே வாளால் இருவகையும் செய்யவேண்டுவோர் 40 முதல் 50 பல்லுடைய வாளைக் கொள்க. அது நடுத்தரமாக இரண்டையும் செய்யும். பிளைவுட்டுக்கும், மேலே வழவழப்பான தாள் ஒட்டிய பலகைகளுக்கும் நுண்பல் வாளே வேண்டும். குறைந்த பல்லுடையதைப் பயன்படுத்தின் விளிம்பு சிதைந்து பொருள் வீணாகும். எவ்வறுப்பிலும் ஒரே சமயத்தில் மூன்று பற்களேனும் மரத்தினுள் இருத்தல் நன்று.

தகட்டினும் பல்முனை சற்று அகன்றிருத்தலையும் நோக்குக. பழைய எஃகு வாளிற் பற்களை மாறிமாறி இருபுறமும் சிறிது வளைத்தனர். பட்டறையில் இதனைச் செட் வைத்தல் என்பர். கார்பைடு வாளில் முனையே அகலமாக ஒட்டப்பெறும். இவ்வகலம் குறைந்தால் தகடு மரத்திலுரைந்து சூடேறும்.

யாவற்றினும் முதன்மையாகப் பார்க்கவேண்டுவது, வாளில் அச்சிட்டுள்ள உச்சச் சுழற்சி எண். யந்திரத்தின் சுழற்சி அதனை மிஞ்சலாகாது. இரும்பு தேய்க்குங் கிரைண்டரிலும், கல்லறுக்கும் மார்பிள் கட்டரிலும் மரவாளைப் பூட்டி அறுக்கும் வழக்கம் நம்மவரிடைப் பரவியுள்ளது. அவை நிமிடத்திற்குப் பதினாயிரம் முறைக்கு மேலும் சுழல்வன. மரத்திற்கேற்ற காப்பும் பிளவுக்கத்தியும் இல்லாதன. கிரைண்டரிற் பல்வாள் பூட்டுதலை அறவே ஒழிக்கவேண்டும் என்று கைகூப்பி வேண்டுகின்றோம். வாளின் நடுத்துளை அச்சுக்குச் சரியாக அமைதல்வேண்டும். துளை பெரிதாயின் தாளோ துணியோ சுற்றி இறுக்குதல் பெரும்பிழை.

ஆளுதலும் பேணுதலும்

பல் பலகையின் மேற்புறத்திற்கு முழுதும் தோன்றும் அளவே வாளை உயர்த்துக. பலகையின் ஒரு விளிம்பை நேராக்கி, வழிச்சட்டத்தோடு அணைத்துத் தள்ளுக. வழிச்சட்டம் வாளுக்கு இணையாக இல்லையாயின் மரம் கவ்வப்படும். இறுதிப் பகுதியைக் கையால் தள்ளற்க, தள்ளுகட்டையால் தள்ளுக. வாளின் நேர்கோட்டில் நிற்கற்க, பக்கமாக நிற்க. தொளதொளத்த சட்டைக்கையும், தொங்குந் துண்டும், கையுறையும் வாளருகே ஆகா. கையுறை காக்கும் என்று எண்ணுவோர் பலர். பல் அதனைக் கவ்விக் கையையும் உடன் இழுக்கும்.

வாள் மழுங்கியமையை அறிதல் எளிது. அறுபட்ட முகம் கருகும், சுருளுக்கு மாறாக நுண்தூள் எழும், ஓசை மாறும், முன்னினும் அழுத்தித் தள்ளவேண்டி வரும். இவற்றுள் ஒன்று தோன்றினும் நிறுத்துக. மழுங்கிய வாள் வேலையை விரைவுபடுத்தாது. தள்ளுவோரின் பலத்தைக் கூட்டச் செய்து, தவறியபோது அப்பலம் முழுதையும் வாளின்மேல் வீழ்த்தும். எம் மாணவர்க்கு நேர்ந்தது இதுவே. தேக்கு மரத்திற் சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு. அது பல்லை விரைவில் மழுக்கும். பழைய வீடுகளை இடித்தெடுத்த மரத்தில் ஆணி மறைந்திருக்கும். காந்தத்தாலேனும் தடவிப் பார்த்தன்றி அறுக்கற்க.

பலபோது வாள் மழுங்கியதுபோல் தோன்றுவது, பல்லிற் படிந்த பிசினாலாம். மின்தொடர்பை நீக்கி வாளைக் கழற்றி, சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவுக. எஃகுப் பல்லுக்கு அரம் போடலாம். எல்லாப் பல்லும் ஒரே உயரமாக நிற்றல்வேண்டும். குழியின் அடிமூலை வளைவாகவே இருத்தல்வேண்டும். கார்பைடுக்கு அரம் பயன்படாது. வைரச் சக்கரமுடைய கடையிற் கொடுத்துத் தீட்டுக. வாட்களை ஒன்றன்மேலொன்று எறிந்து வைத்தால் கார்பைடு முனை சிதறும். ஆணியில் தனித்தனியே தொங்கவிடுக. தகட்டில் வெடிப்பு மயிரிழையளவு காணினும் அவ்வாளை வளைத்துப் போட்டுவிடுக. மறுபடி ஒருவர் எடுத்துப் பூட்டாதிருத்தற்கு அதுவே வழி.

முடிபு

அன்பர்காள்! ஈர்வாட்காரர் ஆலையை உடைத்தும் வட்டவாள் நிற்கவில்லை, இனியும் நில்லாது. நாம் அதனை வெறுத்துப் பயனில்லை. பாட்டனார் ஈர்வாளைத் தொடுமுன் அதன் பல்லைப் பார்த்தாரே, அவ்வொழுக்கத்தை வட்டவாளுக்கும் கொண்டுவருதலே நாம் செய்யத்தக்கது. நம் சங்கத்திற் பட்டறை உடையோர், தம்மிடம் வேலை கற்கும் பிள்ளைகட்கு முதல் நாளிலேயே பிளவுக்கத்தியைக் காட்டி, அஃது ஏன் அங்கே நிற்கின்றது என்று சொல்லுதல்வேண்டும். மரவாடிகளில் வாள் தட்டவும் தீட்டவும் வல்ல முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். ஆண்டுக் கூட்டத்தில் மாலை சூட்டிப் பேசுவதோடு நில்லாது, அவருள் ஒருவரைப் பட்டடையோடு அழைத்து, இளைஞர் முன் ஒரு நாழிகை வாளைத் தட்டிக் காட்டச் செய்தல் நலம் என்று சங்கத்தார்க்கு விண்ணப்பஞ் செய்துகொள்கின்றோம்.

எம் மாணவர் மீண்டும் வேலைக்குச் செல்லுகின்றார். சென்ற வாரம் அவரைக் கண்டபோது, பட்டறையின் மூலையிற் கிடந்த தகட்டைத் தேடியெடுத்துத் துருநீக்கிப் பூட்டிவிட்டதாகக் கூறினார். “இதைப்பற்றி எழுதுங்கள், ஐயா. என் பெயர் வேண்டாம், மற்றப் பிள்ளைகள் படிக்கட்டும்” என்றார். அவர் விருப்பத்தின்படியே இக்கட்டுரையை எழுதினோம்.